வெட்டினால் மறு ஆட்டம் இல்லை, அண்ணே

கூடப் பிறந்த என் அண்ணனுக்கு,

நீ மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டப் பலகை வீட்டில்தான் இருக்கிறது. சூட்கேஸ் மாதிரி விரியுமே, தவ்லா என்று சொன்னாயே, அதுதான். மாமா அதை அடுப்பில் வைக்கச் சொன்னார். அம்மா தரவில்லை. இப்போது அம்மாவும் நானும்தான் ஆடுகிறோம். அம்மாவுக்குக் காய் நகர்த்த வந்துவிட்டது, வெட்டத்தான் வரவில்லை. என் காய் ஒத்தையாக நின்றாலும் தாண்டிப் போய்விடுகிறாள். "வெட்டாம ஆட முடியாதாடி?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்லட்டும்?

நாம் படித்த லட்சணம் உனக்கு நினைவிருக்கிறதா? உனக்கே அந்த ஆட்டம் முழுசாகத் தெரியாது. கம்பெனி கேம்ப்பில் வேறு நாட்டு டிரைவர்கள் ஆடும்போது பின்னால் நின்று பார்த்ததோடு சரி. எனக்குத் தாயத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. தாயத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தானே சுற்றுவோம்? அந்த நினைப்பில் உன் காயும் என் காயும் ஒரே பக்கமாக ஓடின. ஆட்டமே முடியப் போகிறது, ஒரு வெட்டுகூட விழவில்லை. பிறகுதான் நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"அடி கூறுகெட்டவளே, எதிரும் புதிருமா வரணும்டி. அப்பத்தான மோதும்!"

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? நீதான மஸ்கட்டு மாப்ள?"

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் பெரியப்பா மகன் வந்து உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து நான் அவரைப் பெரியண்ணே என்றே கூப்பிட்டவள். நாம் மூன்று நாள் திண்டாடியதை அவர் ஒரு காலையில் பிடித்துக்கொண்டார். உன் ஒத்தைக் காயை வெட்டியதும் பகடையை மறுபடி அள்ளினார்.

"வெட்டுனவனுக்கு மறு ஆட்டம்ல?"

"அது தாயத்துலண்ணே. இதுல வெட்டுனாலும் பகடை அடுத்தவன் கைக்குப் போயிரும்."

"அப்ப வெட்டுனவனுக்கு என்னடா மரியாத? இது ஒரு ஆட்டமாடா?" என்று பகடையை வீசி எறிந்தார். ஒன்று மாட்டுக் கொட்டத்தில் போய் விழுந்தது. சாணிக்குள் கைவிட்டுத் தேடியது நான்தான். நாம் மூன்று பேரும் அன்று சிரித்தோம்தானே?

அந்த வாரம் பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் முறை நமக்கு. பெரியண்ணன் மடையைத் தன் வயலுக்குத் திருப்பி வைத்திருந்தார். நீ அதை அடைக்கப் போனாய். நான் கஞ்சித் தூக்கோடு வரப்பில் வந்துகொண்டிருந்தேன். பெரியண்ணன் அரிவாளின் முதல் வெட்டு உன் தோளில் விழுந்தது. நான் "அண்ணே!" என்று அலறினேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அடுத்த வெட்டைத் தடுக்க நீ கையைத் தூக்கினாய். விரல்கள் வரப்பில் வந்து விழுந்தன. அதற்கடுத்தது கழுத்தில். நீ விழுந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. விறகு பிளக்கிறவர் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டே வெட்டினார். தண்ணீர் சிவந்து அவர் வயலுக்குத்தான் பாய்ந்தது.

போலீஸ் ஏட்டு என்னைக் கேட்டார்.

"யாருத்தா வெட்டுனது?"

"அண்ணன்."

"செத்தது?"

"அண்ணன்."

"என்னத்தா வெளையாடுறியா? பேரச் சொல்லு."

மூத்தவர் பெயரை நான் என்றைக்கு வாயால் சொன்னேன்? அழுகைதான் வந்தது. அவராக ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

வருகிற வாரம் மதுரைக் கோர்ட்டில் வழக்கு. நேரில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அப்பா இல்லாத வீட்டில் மாமா சொல்வதுதான் சட்டம் என்று உனக்குத் தெரியும். அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏ புள்ள, கோர்ட்டுல மொகம் தெரியலன்னு சொல்லிரு. அண்ணேன்னு கத்துனேன், அம்புட்டுத்தான் தெரியும்னு சொல்லு."

"ஏன் மாமா?"

"அவன் வெளிய வரணும்ல? உள்ள கெடந்தா நான் எப்பிடி வெட்டுறது? அவன் ஆடிட்டான், இனி நம்ம ஆட்டம்."

பெரியப்பா வீட்டிலிருந்தும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முகம் தெரியவில்லை என்று சொன்னால் போதுமாம். இப்போது ஜென்மப் பகையாகிப்போன இரண்டு வீடும் என் வாயிலிருந்து ஒரே பொய்யைக் கேட்கின்றன, அண்ணே.

"நான் பாத்தேன் மாமா. பாத்ததச் சொல்லுவேன்" என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மாமா விட்ட அறையில் ஆட்டுக்கல்லில் போய் விழுந்தேன். உதடு கிழிந்தது. முடியைப் பிடித்துத் தூக்கி இன்னொரு அறை. காதில் இன்னும் இரைச்சல் நிற்கவில்லை. அம்மா அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டாள்.

"ஒருத்தனக் குடுத்துட்டேன். இவ மேல கைய வச்ச, தம்பின்னு பாக்க மாட்டேன். உன் கொடல உருவிருவேன்!"

காயை வெட்டவே கை வராத அம்மாதான் அப்படி நின்றாள்.

மாமா போய் அவரை வெட்டினால், மாமாவை வெட்ட அந்த வீட்டில் ஆள் இருக்கிறது. அவர்களை வெட்ட நம் பக்கமும் கிளம்புவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒருத்தி கஞ்சித் தூக்கோடு வரப்பில் நிற்க வேண்டுமா?

கோர்ட்டுக்கு அம்மாவும் நானும் அலங்காநல்லூர் பஸ்ஸில் போகிறோம். விருந்தாள் வந்தாலே கதவுக்குப் பின்னால் போகிறவள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள். கறுப்பு கோட்டுக்காரர்கள் மாற்றி மாற்றிக் கேட்பார்களாம். அதனால் அம்மாவை எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பழகுகிறேன். மூத்தவர் பெயர் என்று நாக்கு உள்ளே இழுக்கிறது. "இன்னும் சத்தமாத்தா" என்கிறாள் அம்மா. செத்தவர் பெயரையும் கேட்பார்களாம். உன் பெயரைச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

இவ்வளவு எழுதியும் அந்த ஆளை அவர், அவர் என்றே எழுதியிருக்கிறேன், பார்த்தாயா? பழக்கம் விடுகிறதா?

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கூண்டில் ஏறி, அவன் முகத்தைப் பார்த்து, கடைசியில் உட்கார்ந்திருப்பவர் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்வேன்: என் அண்ணன் மாயழகுவை வெட்டியவன் செல்லையா. அண்ணன் என்று எனக்கு இருந்தது ஒருத்தன்தான்.

மாயழகுவின் தங்கச்சி
பேச்சி