படையலுக்கு வந்த பவுடர் டப்பா

நைனா,

உனக்குக் கடிதம் எழுதுவதற்காக முதலில் என்னை மன்னித்துக்கொள். செத்துப்போனவருக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ இருந்தபோதும் உனக்குப் படிக்க வராது. கல்லூரி விடுதியிலிருந்து நான் போட்ட கார்டுகளையெல்லாம் உன் ஆபீஸ் பெரிய கிளார்க்தான் உனக்குப் படித்துக் காட்டினார். அதனாலேயே 'நலம், நலமறிய அவா' என்பதற்கு மேல் ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன். இப்போது நடுவில் யாரும் இல்லை. கடிதத்தில் 'தாங்கள்' என்று எழுதத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். உன்னிடம் எனக்கு அது வராது.

இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் உன் வாசனை அடித்தது. ஒரு வருஷமாக இல்லாத வாசனை. அம்மா கடைத்தெருவுக்குப் போய் ஒரு பவுடர் டப்பா, தலைக்குப் பச்சைத் தைலம், விரல் நீளத்தில் ஒரு சென்ட் பாட்டில் எல்லாம் வாங்கிவந்து வாழையிலைக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்து முகர்ந்தும் பார்த்திருக்கிறாள். நாளை உனக்கு வருஷப் படையல்.

"இன்னாம்மா இது?"

"இன்னாவா? பிரியமானத வைக்க வாணாமா? சுருட்டு புடிச்சவனுக்கு சுருட்டு வைக்கறாங்க, சாராயம் குடிச்சவனுக்கு அத்த வைக்கறாங்க. உங்க நைனா ரெண்டையும் தொட்டாரா? இது ஒண்ணுதான அவருக்கு." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

நாளை நடக்கப்போவது உனக்குத் தெரியும். இலை போட்டு, சாம்பிராணி காட்டி, போனவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். கொஞ்ச நேரம் கழித்து அம்மாதான் முதலில் திறந்துகொண்டு உள்ளே போகவேண்டும். நம் வீடு ஒரே அறை. பவுடரும் சென்ட்டும் புகையும் அடைந்து கிடக்கிற அந்த அறையில் அவள் முகத்தைத் தரையில் வைத்து விழுந்து கும்பிடப்போகிறாள்.

உன்னை ஊர் நல்லவர் என்கிறது. குடிக்காதவர், பெண்டாட்டியை அடிக்காதவர், இந்தத் தெருவில் பெண்ணை பி.ஏ. வரைக்கும் படிக்கவைத்த முதல் ஆள். எல்லாம் உண்மை. எனக்கு அது போதவில்லை.

உன் காலை நேரங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ஏரித் தண்ணீரில் குளித்துவிட்டு வருவாய். தைலத்தை அம்மா தன் கையால் உன் தலையில் தேய்ப்பாள். கழுத்துக்கு, மார்புக்கு, அக்குளுக்கு என்று நீ பவுடரைக் கொட்டிக்கொள்வாய். கூரைச் சந்தில் விழுகிற வெயிலில் அது புகைபோல நிற்கும். பிறகு பியூன் காக்கிச் சட்டை. சட்டைக் காலரில் சென்ட். நீ சைக்கிளில் ஏறித் தெருமுனை திரும்புவதற்குள் அம்மாவுக்கு இளைப்பு ஆரம்பித்துவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, மூச்சை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி விடுவாள். உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும்.

"ஏரிக்காத்து ஒத்துக்கல" என்றாய். ஜன்னல் என்ற பெயரில் இருந்த ஓட்டையை முதலில் கோணியால் அடைத்தாய். அப்படியும் நிற்கவில்லை என்று தகரம் வைத்து ஆணி அடித்தாய். அன்பாகத்தான் அடித்தாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு உன் வாசனை சாயங்காலம்வரை வெளியே போக வழியில்லாமல் அவளோடேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இளைப்பு வராது. ஆபீஸ் கிடையாது, பவுடர் கிடையாது. எட்டாம் வகுப்பிலேயே நான் அதைக் கவனித்துவிட்டேன். வாய் திறக்கப் பயம். நீயும் கவனித்திருந்தாய். உனக்கு வேறு கணக்கு. "நான் வூட்ல இருந்தா உங்கம்மாவுக்கு எளப்பு எட்டிக்கூடப் பாக்காது, பாத்தியா!" என்று சிரிப்பாய். அம்மாவும் வெட்கத்தோடு ஆமாம் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விடுதியில் முதல் வருஷம் நானும் பூசினேன். ஏன் பூசினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டில் பெண் மூக்கைச் சுளிக்காமல் இருக்கத்தான். லீவுக்கு வந்த அன்று அம்மா ஆசையாக என் தோளில் சாய்ந்தாள். சாய்ந்த வேகத்தில் எழுந்து வெளியே ஓடினாள். அன்றோடு விட்டேன். விட முடியும், நைனா.

அந்த லீவிலேதான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். "வீட்டில் பவுடர், சென்ட், ஊதுவத்தி ஏதாவது உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார். "கூழுக்கே வழியில்ல, அதெல்லாம் நமக்கு ஏதும்மா" என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். உன்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. நான் பக்கத்தில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். என் குற்றத்தையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று நாள் கழித்து, நீ தலை வாரிக்கொண்டிருந்தபோது உன்னிடம் சொன்னேன். "அம்மாவுக்கு எளப்பு காத்தால வரல நைனா. உன் பவுடராலதான்."

சீப்பு நிற்கவில்லை. "பி.ஏ. படிச்சா டாக்டராய்டுவாங்களா?"

"டாக்டரம்மாவே கேட்டாங்க."

"ஊரே பூசிக்கினு கீது. அவன் அவன் பொண்டாட்டியெல்லாம் இழுத்துக்கினா கீறா?"

"உன்னப் பூசிக்க வாணான்னு சொல்லல. வெளிய போய்ப் பூசிக்க. இல்ல, ஆபீசுலயே வச்சிக்க."

"தெருவுல நின்னு பவுடர் பூசிக்க நான் இன்னா கூத்தாடியா?" என்றாய். பிறகு குரல் இறங்கியது. "உனுக்கு இன்னா தெரியும்? நான் வேலைக்கிப் போன மொத நாளு அந்தப் பெரிய கிளார்க்கு சொன்னான், 'ஏம்பா, சேத்துல இருந்து நேரா வரியா? அந்த ஜன்னலத் தொற'ன்னு. என் கையாலயே தொறந்தேன். எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க."

எனக்கு அழுகை வந்தது. நீ மூன்று நாள் பூசாமல் போனாய். மூன்று நாளும் அம்மா மூச்சு வாங்காமல் களி கிண்டினாள், குடம் தூக்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நீ சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தாய். ஆபீசில் கிளார்க் மறுபடி ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருப்பார். மறுநாள் காலையில் இரண்டு மடங்கு பூசிக்கொண்டு போனாய். அம்மா வாசற்படியில் இழுத்துக்கொண்டே, "அவரு மனச நோவடிக்காதடி" என்றாள்.

அந்தக் கிளார்க்கை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் அவர் யாரோ ஒருவர். நீ என் நைனா. உன் உடம்பில் நாற்றம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. வேர்வை இருந்தது, வைக்கோல் வாசம் இருந்தது. சின்னவளாக அதில்தான் தூங்கினேன். அது நாற்றம் என்று சொன்னவனை நம்பினாய். மூச்சு முட்டுகிறது என்று நின்றவளை நம்பவில்லை. அங்கே உன்னைத் திறக்கச் சொன்னார்கள். இங்கே வந்து அடைத்தாய்.

நீ போன அன்றும் அப்படியே. ஆபீஸ்காரர்கள் மாலையும் பன்னீரும் கொண்டுவந்தார்கள். கட்டுக் கட்டாக ஊதுவத்தி. யாரோ உன் முகத்துக்குப் பவுடர் அப்பினார்கள். அம்மாவால் உன் தலைமாட்டில் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை. வேலியோரம் போய் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சுக்குத் தவித்தாள். அவளுடைய சொந்த அக்கா, ராஜகுளத்துப் பெரியம்மா, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "பாருடி கூத்த. புருசன் கெடக்கறான், இவ காத்து வாங்கிக்கினு கீறா." பதில் சொல்ல அம்மாவிடம் மூச்சு இல்லை. நான் இருந்தேன். நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இந்த ஒரு வருஷத்தில் அவளுக்கு இளைப்பே இல்லை. தகரத்தைக் கூட நான் பிடுங்கவில்லை, வாசனை போனதே போதுமாக இருந்தது. இதற்கும் பெயர் உனக்குத்தான். "போசொல என் எளப்பையும் கூடவே எடுத்துக்கினு பூட்டாருடி" என்று தெருவெல்லாம் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். அந்த நன்றிக்குத்தான் இந்தப் புது டப்பா.

இன்று நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை உட்பட. அவள் என்னை வேற்றாள்போலப் பார்த்தாள். "செத்தவர ஏண்டி குத்தம் சொல்ற? அன்னிக்கித்தான் அவராண்ட குந்த முடியாமப் பூட்ச்சு. நாளைக்காச்சும் குந்திக் கும்புட்டுக்கறேன், உடு." டப்பாவைத் தூக்கி எறியலாம். வேறொன்று வாங்குவாள். அழுதாலும் அவளுக்கு மூச்சு வாங்கும்.

உன்மேல் உள்ள கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். படித்த படிப்பு, கைக்கு வந்த வேலை, இந்தக் கோபம் எல்லாமே நீ கொடுத்ததுதான். ஒன்றையும் திருப்பித்தர மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போனவர்கள் கனவில் வந்து சொன்னதை நம் தெருவில் யாரும் தட்டுவதில்லை. பக்கத்து வீட்டு அத்தை, மாமா கனவில் வந்து கேட்டார் என்று குடை வாங்கி வைக்கவில்லையா? அம்மா என் பேச்சைக் கேட்கமாட்டாள், டாக்டர் பேச்சையும் கேட்கமாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். விடிவதற்குள் அவள் கனவில் வா. மன்னிப்பெல்லாம் கேட்கவேண்டாம். என்னிடம் வரவும் வேண்டாம். "எனுக்கு சோறு மட்டும் போதும், வேற எதுவும் வாணாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போ. உயிரோடு இருந்தபோது கேட்டேன், மூன்று நாள் கொடுத்தாய். இப்போது ஒரு நாள் கேட்கிறேன்.