நிழலில் பூத்த கனகாம்பரம்

நாள் 211, காலை 08:10
நிலாச் சுரங்கத் தோட்டம். பதிவு: பூரணவல்லி, தாவர ஆய்வாளர்.
மேலே பதித்த கண்ணாடி வழியே மங்கல் வெளிச்சம்தான் இறங்குகிறது, மரத்தடி நிழல் அளவுக்கு. கனகாம்பரத்துக்கு அது போதும். பதினொரு செடிகள். வெப்பம் 24. மூன்றில் கதிர் விட்டிருக்கிறது. இதற்கு முன் நான்கு தடவை, குளிர் பட்டு மொட்டெல்லாம் உதிர்ந்தது.
என்னைத் தவிர இங்கே இருப்பவர் டெக்னீஷியன் சவரிமுத்து மட்டுமே. வெளியிலிருந்து ரேடியோவில் கேட்டார்: “வாசமே இல்லாத பூவுக்கா மேடம் இத்தனை பாடு?”

நாள் 213, 11:40
விண்கல் மழை. சூரியத் தகடுகளில் பாதி போயிற்று. சரிசெய்ய ஏறிய சவரிமுத்து விழுந்துவிட்டார். இழுத்து வந்து அவர் அறையில் கிடத்தினேன்.
பூமியிலிருந்து டாக்டர் ரஹ்மத்: “இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கு. இனி அசைக்காதீங்க. அறை 22 டிகிரிக்குக் கீழே போகவே கூடாது, குளிர்ந்தா ரத்தக்கசிவு நிக்காது. நாலு நாள்ல மீட்பு ஓடம் வந்துரும்.”
பாட்டரி ஒரு ஹீட்டரைத்தான் தாங்கும். தோட்டத்து ஹீட்டரை அணைத்தேன்.

நாள் 214, 09:05
தோட்டத்தில் வெப்பம் 13. இரண்டு மொட்டு உதிர்ந்து கிடந்தது. மற்றவை நாளை விரியும். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தை இங்கே திருப்பினேன்.

நாள் 214, 15:30
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
இன்டர்காமில் சவரிமுத்து: “மேடம், ரொம்பக் குளிருதே. ஹீட்டர் ஓடுதா?”
“ஓடுது. காய்ச்சல்ல அப்படித்தான் இருக்கும். போர்த்திக்குங்க.”
“சரி மேடம். நீங்க சொன்னா சரி.”
அவர் அறையில் வெப்பம் 9.

நாள் 215, 07:20
மறுபடி கூப்பிட்டார். நாக்கு குழறுகிறது. “செடி நல்லா இருக்கா மேடம்?” நல்லா இருக்கு என்றேன்.
சுவிட்சுக்கு எட்டு அடி. போகவில்லை. இதைப் படிப்பவர் யாரானாலும்: சுவிட்ச் பழுது என்று அறிக்கையில் எழுதியிருப்பேன். பழுதில்லை.

நாள் 215, 13:00
பூத்துவிட்டது. மூன்றாம் செடி. ஆரஞ்சு. அழுதேன். படம் அனுப்பினேன். பிறகுதான் கவனித்தேன், காலையிலிருந்து அவர் கூப்பிடவே இல்லை.

நாள் 215, 13:25
போய்ப் பார்த்தேன். விறைத்திருக்கிறார்.

நாள் 215, 16:45
தலைமை நிலையம்: “நிலாவில் முதல் பூ! இங்கே ஒரே கைதட்டல். சவரிமுத்து வீட்டாரையும் வரவழைத்திருக்கிறோம். பூவோடு அவரை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.”
தூங்குகிறார் என்றேன்.
“எழுப்புங்கள். படுத்தபடியே போதும். கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள்.”

17:10
பூத்த செடியைத் தொட்டியோடு அவர் தலைமாட்டில் வைத்தேன். இமையைத் திறந்துவிட்டேன். நிற்கிறது. வாய்தான், சிரிப்பு மாதிரி இழுத்துப் பிடித்தாலும், விட்டால் பழையபடி…