மாலுமிகள் இல்லத்துச் சமையற்காரர்

4 மே 2024, சனி
மழை. ஹம்பேர்க்கில் வேறென்ன. படி ஏற ஏலாமல் போனபின் என் கணவர் கடைசி வருடங்களைக் கழித்த முதிய மாலுமிகள் இல்லத்தை இன்று கலைக்கூடமும் பொதுத் தோட்டமுமாகத் திறந்தார்கள். கூடத்துச் சுவரில் அங்கு வாழ்ந்தவர்களின் படங்கள். அவர் படத்தின் கீழ்: "புவனேந்திரன், கப்பல் சமையற்காரர்."

கப்பலில் இரண்டாம் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர்! எங்கள் வீட்டில் அடுப்பைத் தொட்டறியாதவர். நான் குசினிக்குள் விட்டதுமில்லை. முகம் கறுப்பென்றால் சமையற்காரர்தானா?

6 மே
மகள் கம்சனா தொலைபேசியில்: "விடுங்கோ அம்மா. சமையல் என்ன கேவலமே?"
கேவலமென்று நான் சொன்னேனா? பொய் என்கிறேன். கன்னியர் மடத்தில் படித்தவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்.

8 மே
பொறுப்பாளர் டொறத்தியிடம் போனேன். சின்னப் பெண். சப்பாத்திலும் கையிலும் தோட்டத்துச் சேறு, அப்படியே கைகொடுக்கிறாள். இங்கிருந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதினார்களாம். யார் சொன்னது? விசாரித்துச் சொல்வாளாம்.

18 மே, சனி
டொறத்தி யோசப்பை வரவழைத்திருந்தாள். அவருடைய பக்கத்து அறைக்காரர், பழைய மாலுமி. கூசாமல் சொன்னார்: இல்லத்துக் குசினிப் பூட்டின் திறப்பைக் கப்பலில் சமைத்தவர்களுக்கு மட்டுமே கொடுப்பார்களாம். என் கணவர் வந்த கிழமையே, "நான் சமையற்காரன்" என்று சொல்லி வாங்கிவிட்டாராம். ஞாயிறு தோறும் மதியம் எல்லோருக்கும் இறால் குழம்பு.

"முதல்நாள் கண்ணீர் வந்தது, உறைப்பில். பிறகு தட்டோடு வரிசையில் நின்றோம்" என்று சிரிக்கிறார் கிழவர்.

அந்த வருடங்களில் ஞாயிறு பின்னேரம் நான் பஸ் ஏறிச் சாப்பாடு கொண்டுபோவேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இஞ்சரும், வயிறு சரியில்லை" என்பார். நானும் விசரி மாதிரி மல்லித்தண்ணி அவிச்சுக்கொண்டு ஓடினன் —

19 மே
பூசையில் மனம் நிற்கவில்லை. இறால் உரிக்க எங்கே பழகினார்?

25 மே, சனி
டொறத்தி கூப்பிட்டாள். "பொறியியலாளர்" என்று மாற்ற ஆள் வந்திருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்றாள்.

அன்று எழுத்தைப் பார்த்த கோபத்தில் படத்தைப் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். கையில் அகப்பை, இடுப்பில் துவாய். வீட்டில் நான் காணாத சிரிப்பு.

மாற்ற வேண்டாம் என்றேன். சமையற்காரர் என்பதற்கு முன்னால் "தலைமை" என்று போடச் சொன்னேன். அந்தக் குசினியில் அவருக்கு மேலே யாரும் இருக்கவில்லை. யோசப்பிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் சொன்னேன்.