சுவிட்ச் நடுவில்தான் இருக்கும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னால் அண்ணி கேட்கவா போகிறார்கள்? நீதான் கட்டிலைக் கீழ் அறைக்கு இறக்க வேண்டும். நான் சொன்னதாகச் சொல், திட்டினால் என்னைத் திட்டட்டும்.

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த நிகழ்ச்சித் தாளின் மாதிரியும் கிடைத்தன. நம் இசைக்குழு தொடங்கி முப்பது வருடம் ஆகிறது, அடுத்த மாதம் அதே அரங்கில் மறுபடியும் மேடை ஏறப் போகிறீர்கள், அதற்கு நீ இரண்டு விமானம் மாறி வரப்போகிறாய். எல்லாம் சந்தோஷம். தாளைப் படித்தேன். பாட்டு, நீ. டிரம்ஸ், நம் டமாரம். கிட்டார், டமாரத்தின் மருமகன். ஆகக் கடைசியில் பொடி எழுத்தில், ‘நன்றி: கிட்டாரைப் பத்திரமாக வைத்திருந்த தங்கைக்கு.’ கிட்டாரை டமாரத்திடம் கொடுத்துவிடு, உனக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய்.

கிட்டாரைக் கொடுக்க மாட்டேன். நாற்காலியும் எனக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், முழுவதும் படி. பாதியில் மடித்து வைத்துவிட்டு அண்ணியிடம் “இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு” என்று சொல்லாதே.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை, அது நிஜம். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கொடுக்கிற பொருளை வேலை செய்கிற நிலையில் கொடுக்க வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தேன். இருபத்திரண்டு வருடத் தூசி. சின்ன ஆம்பிளிஃபயரில் மாட்டினால் மூச்சே இல்லை. தட்டினால் மட்டும் கரகரவென்றது. சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்துக் குப்புறப் போட்டேன், நிமிர்த்திப் போட்டேன், கடைசியில் முன்பக்கத்துத் தகட்டின் பதினோரு ஸ்குரூவையும் கழற்றினேன். என் வீட்டுக்காரர், அதுதான் உன் மாப்பிள்ளை, எட்டிப் பார்த்து, திரும்பப் பூட்டும்போது மிச்சம் எத்தனை வரும் என்று கேட்டார். அவருக்கு அன்று காபி கிடைக்கவில்லை.

நான் பதினெட்டு வருடமாக மோட்டார் வைண்டிங் செய்கிறவள் என்பது உனக்குத் தெரியும். ‘ஏதோ பட்டறைக்குப் போகிறாள்’ என்று அண்ணி வீட்டாரிடம் சொல்வாயே, அந்தப் பட்டறைதான். தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற கிட்டார் பிக்கப்பும் காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள்தான். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு என்ன பயம்? ஆம்பிளிஃபயர் வயரைச் செருகுகிற ஜாக்கில் ஒரு வயர் அறுந்திருந்தது, ஈயம் வைத்துப் பற்ற வைத்தேன். வால்யூம் குமிழில் பாசி பிடித்தது போல் துரு, சுத்தம் செய்தேன். சத்தம் வந்துவிட்டது. இந்தக் கிட்டாரில் பிக்கப் இரண்டு, எது பாட வேண்டும் என்பதை ஒரு சுவிட்ச் மாற்றும். சுவிட்சை மேலே தள்ளினால் கழுத்துப் பக்கத்துப் பிக்கப், நல்ல கனமான குரல். கீழே தள்ளினால் மற்றது, கணீரென்றது. இரண்டும் சேர்ந்து பாட வேண்டிய நடு இடத்தில் வைத்தேன். ஜலதோஷம் பிடித்த கொசு மாதிரி ஒரு சத்தம் வந்தது, அண்ணா. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அது என் சத்தம்.

அந்தச் சுவிட்சில் நீ டேப் ஒட்டியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? காய்ந்துபோய், நான் தள்ளியதும் தானே பிய்ந்துவிட்டது. நம் குழுவில் நான் கிட்டார் வாசித்த காலம், பாட்டுப் பதிவுக்கு முந்தின வாரம் கீழ்ப் பிக்கப்பின் வயர் அறுந்து, நீயே உட்கார்ந்து பற்ற வைத்தாய். சுவிட்ச் கரகரக்கிறது, தொட்டால் போய்விடும் என்று நடுவில் வைத்து மஞ்சள் டேப் போட்டு, “இதுல கை வச்சே, அவ்ளோதான்” என்று சொன்னாய். நான் கை வைக்கவில்லை. நீ சொன்னால் கேட்கிற காலம் அது.

பதிவு அன்று நடந்ததை நீ மறந்திருக்கலாம். நான் வாசித்தேன், எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் தேயத் தேய நான் இன்னும் அழுத்தினேன், விரல் நுனி கிழிந்தது. நீ வந்து கிட்டாரை என் கழுத்திலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டாய். டேப்பைப் பாதி உரித்து, சுவிட்சை வழக்கம்போல் கீழே தள்ளி வாசித்தாய். டேப் எனக்குத்தானே, உனக்கில்லையே. அறை நிறைந்தது. “பாத்தியா, கிட்டார் நல்லாத்தான் இருக்கு. உன் கையிலதான் அழுத்தம் இல்ல” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். பிறகு சுவிட்சை நடுவில் வைத்து டேப்பை ஒழுங்காக ஒட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தாய். அடுத்த வாரம் வேறொருவர் தன் சொந்தக் கிட்டாரோடு வந்தார். நான் வீட்டுக்குப் போனேன்.

இப்போது கேள். மூன்று சுருள் உள்ள மோட்டாரில் ஒரு சுருளின் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றி இணைத்துவிட்டால் அது உறுமும், இழுக்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. நானும் செய்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை பட்டறையிலிருந்து முள் மீட்டரைக் கொண்டுவந்து ஜாக்கில் மாட்டினேன். பிக்கப்பின் தலையில் ஸ்குரூடிரைவரை வைத்து வெடுக்கென்று எடுத்தால் முள் துள்ளும். மேல் பிக்கப்புக்கு வலப்பக்கம் துள்ளியது. கீழ்ப் பிக்கப்புக்கு இடப்பக்கம். பத்துத் தடவை பார்த்தேன், பத்துத் தடவையும் அப்படியே. ஒன்று வா என்கிறபோது மற்றது போ என்கிறது. தனித்தனியாக இரண்டுமே நல்ல பிள்ளைகள், சேர்த்து வைத்தால் ஒன்றின் குரலை ஒன்று தின்றுவிடும்.

கீழ்ப் பிக்கப்பின் இரண்டு வயரும் ஒரே கறுப்பு. நீ மாற்றிப் பற்ற வைத்திருக்கிறாய். வேறு யாரோ செய்தது என்று சொல்லிவிடாதே, உன் ஈயத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். காக்காய் எச்சம் போட்ட மாதிரி அப்பியிருக்கிறது.

தெரிந்து செய்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. நீ அப்படிப்பட்டவன் இல்லை. வயர் மாறுவது யாருக்கும் நடக்கும், அதற்காக நான் ஒரு வரி எழுதியிருக்க மாட்டேன். ஆனால் உன் கையில் நிறைந்த சத்தம் என் கையில் ஏன் தேய்கிறது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கலாம். உனக்கு அது தேவைப்படவில்லை, பதில் உன்னிடம் முதலிலேயே இருந்தது. அது எனக்கு வலிக்கிறது. அதைவிட வலிப்பது, நானும் அதை நம்பியதுதான். மகள் ஒன்பது வயதில் கிட்டார் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, நம் வீட்டுப் பெண்களுக்குக் கையில் பலம் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அதைச் சொன்னது நீ இல்லை, நான். போன வாரம் அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கையில் பலம் இல்லாதவளாம்! என் கையை நீ வந்து பார். தினமும் எட்டு மணி நேரம் செம்புக் கம்பியை இழுத்து இறுக்குகிற கை. உன் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் என்னைப் போல் ஒருத்தியின் கையால்தான் ஓடுகிறது.

இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பற்ற வைக்கப் பத்து நிமிடம் ஆனது. மிச்சம் ஒட்டியிருந்த டேப்பைச் சுரண்டி, கறையை வார்னிஷ் தின்னரால் துடைத்தேன். சுவிட்சை நடுவில் வைத்து ஒரு தந்தியைத் தட்டினேன். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. உன் மாப்பிள்ளை மாவுக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். அழுதுகொண்டேதான் வாசித்தேன், விரல் எல்லாம் தப்பு தப்பாகப் போனது.

இப்போது தப்பு குறைந்துவிட்டது. மூன்று வாரமாக வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரம் வாசிக்கிறேன். விரல் நுனி மறுபடி காய்த்துவிட்டது. போன சனிக்கிழமை டமாரம் கிட்டாரை வாங்க உறையோடு வந்தார். உட்காருங்கள் என்று சொல்லி, பதிவு அன்று நான் சொதப்பிய அதே பாட்டை வாசித்தேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். “அன்னிக்கு நானும் உன்னைப் பாத்துச் சிரிச்சேன்மா” என்று மட்டும் சொன்னார். வெறும் உறையை எடுத்துக்கொண்டு போனார். அவர் மருமகனிடம் சொந்தமாகவே இரண்டு கிட்டார் இருக்கிறதாம், வேண்டுமானால் அந்தப் பிள்ளையும் என் பக்கத்தில் நின்று வாசிக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொரு விஷயம். நிகழ்ச்சித் தாளை உன் மாப்பிள்ளை வேலை செய்கிற அச்சகத்தில்தானே அடிக்கச் சொன்னாய்? நேற்று அடித்து முடித்துவிட்டார்கள். ‘நன்றி’ என்ற கடைசி வரி அதில் இல்லை. நான் அவரை மாற்றச் சொல்லவில்லை, அவராகவே எடுத்திருக்கிறார். கோபப்படுவதென்றால் எங்கள் இருவர் மேலும் சேர்த்தே கோபப்படு.

வரும்போது அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா. அரங்கில் முன்வரிசைக்குப் படி ஏற வேண்டியதில்லை. முதல் பாட்டைக் குரல் இல்லாமல் என் கிட்டாரிலேயே வாசிக்கிறேன், நீ இரண்டாவது பாட்டிலிருந்து மேடைக்கு வந்தால் போதும். அதுவரை, எனக்கென்று போடச் சொன்னாயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்திரு. சுவிட்ச் நடுவில்தான் இருக்கும். என் கையைப் பற்றி எல்லோர் முன்னாலும் ஒரு தடவை சொன்னாய், அண்ணா. கேட்டு முடித்ததும், எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை சொல். உன்னிடம் நான் கேட்கிற ஆசீர்வாதம் அது ஒன்றுதான்.

பத்திரமாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் தங்கை,
கிட்டார்.