ராய்ஸ் போன மத்தியானம்

மார்ச் 4, செவ்வாய்

வேன் ஓடுகிறது, ஹீட்டர் ஓடவில்லை. ஆல்பத்துக்கு ஒன்பது பாட்டு தேறிவிட்டது. பத்தாவதை இன்னும் ராய்ஸிடம் பாடிக் காட்டவில்லை. அவன் என்னை விட்டுப் போன நாளைப் பற்றிய பாட்டை அவனிடமே எப்படிப் பாடுவது? கல்யாணம் முறிந்து இரண்டு வருஷம். எங்கள் இசைக்குழுவை விட்டு மட்டும் அவன் போகவில்லை. டெக்சஸில் அவனைப் போல ஸ்டீல் கிட்டாரைப் படுக்கவைத்து, கம்பிமேல் இரும்பை வழுக்கி அழவைக்க எனக்கு வேறு ஆள் கிடைக்காது. அதனால் நானும் போகச் சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பாடிவிட்டேன். ட்ரம்ஸ் வாசிக்கும் எம்மெட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் தாடியைச் சொறிந்தபடி சொன்னான்: "காலைல போனேன்னு எழுதியிருக்க. மத்தியானம்ல போனேன்? சாப்பிட்டுட்டுத்தானே கெளம்புனேன்."

கொழுப்பு! ஆனால் உண்மைதான். கெளுத்தி மீன் வறுத்திருந்தேன். வரியை மாற்றினேன். பாட்டு முன்னைவிட நன்றாகிவிட்டது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 22

பதிவு முடிந்தது. நடுவில் அவன் தனியாக வாசிக்கும் இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கம்பிகளால் மன்னிப்புக் கேட்கிறானா? வாயால் கேட்கத் துப்பில்லை.

மே 30

ஆஸ்டின் ரேடியோவில் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். கேட்டுவிட்டு, பெரிய ரெக்கார்டு கம்பெனிகள் இருக்கும் நாஷ்வில்லிலிருந்து போன் — எனக்கில்லை, ராய்ஸுக்கு. பெரிய பாடகர் ஒருவரோடு ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டுமாம்.

"என்ன பண்ணட்டும் டாரா?"

"போயேன். இந்தத் தடவையும் சாப்பிட்டுட்டுப் போ."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14, அமரில்லோ

ராய்ஸ் போய்விட்டான். ஸ்டீல் கிட்டார் இல்லாமல் மேடை. "அந்தப் பாட்டு எங்க டாரா?" என்று கத்தினார்கள். பாடவில்லை. அவன் இல்லாம அதை எப்படிப் பாடறது? புருஷன் போனப்பகூட நான் இப்படி முழிக்கலையே — ச்சே.

ஜூலை 2

ராய்ஸ் இடத்தில் வாசிக்க லப்பக்கிலிருந்து மாவிஸ் என்ற அம்மா வந்திருக்கிறார். ஐம்பது வயசு, இருபது வருஷம் சர்ச்சில் ஸ்டீல் வாசித்தவர். ரெக்கார்டைக் கேட்டு, ராய்ஸ் வாசித்ததை அச்சுப் பிசகாமல் வாசிக்கிறார். எம்மெட்டுக்கு வாயெல்லாம் பல். நான் மட்டும் ராய்ஸ்தானோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.

ஜூலை 12, மறுபடி அமரில்லோ

மேடை ஏறுமுன் மாவிஸ் கேட்டார்: "இந்தப் பாட்டுல வர்ற ஆளு யாரும்மா?"

"உங்க எடத்துல முன்னாடி உக்காந்து வாசிச்சவன்தான்."

"அடப்பாவி! அப்போ இவ்வளவு நாளா அவன் பக்க நியாயத்தையா நான் வாசிச்சிட்டிருக்கேன்?"

"இன்னைக்கு அது வேண்டாம். உங்க கைக்கு வர்றத வாசிங்க."

வாசித்தார். அதில் ராய்ஸின் கெஞ்சல் இல்லை, என் பக்கத்துச் சுத்தமான கோபம். நான் பாடத் தொடங்க வேண்டிய இடம் வந்தது. பாடவில்லை. இன்னொரு சுற்று வாசிக்கச் சொல்லித் தலையசைத்தேன்.