தானாகத் திறக்கும் கதவுகள்

மார்ச் 4

நான்காம் பாகம் வருகிறதாம்! கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தபோது செய்தி கண்ணில் பட்டது. கையிலிருந்த திருகாணி நழுவி எங்கேயோ உருண்டது. "என்னம்மா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றார் கல்லாவில் இருப்பவர். "இல்ல சார், பழைய துப்பாக்கி வீடியோ கேம் ஒண்ணு, புதுசா வருது" என்றேன். ஏழு கழுதை வயசாகிறதே என்று ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

அண்ணனுக்கு உடனே அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம்.

மார்ச் 5

அண்ணி பிரிந்து போனதிலிருந்து எல்லோருக்கும் கட்டைவிரல்தான். "சாப்பிட்டியா" என்று அம்மா கேட்டாலும் கட்டைவிரல். போன் செய்தால் எடுப்பதில்லை. அவன் வாயிலிருந்து முழுசாக ஒரு வாக்கியம் கேட்க வேண்டும் போல் இருக்கிறது. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

சின்ன வயசில் இரண்டாம் பாகத்தை ஒரே டிவியில் ஆடினோம். திரையில் மேல் பாதி அவன், கீழ் பாதி நான். கதவை உதைத்துத் திறப்பது அவன் வேலை, உள்ளே குண்டு வீசுவது என் வேலை. குண்டுக்கு எங்கள் பாஷையில் உருளைக்கிழங்கு. "கிழங்கைப் போடுடி!" என்று அவன் ஒருநாள் கத்த, "போட்டாச்சு, வேகுது" என்று சமையலறையிலிருந்து அம்மா பதில் சொன்னாள். அன்றைக்கு இருவருமே செத்தோம், சிரித்துச் சிரித்து.

மார்ச் 22

முன்னோட்டம் வந்துவிட்டது. ஏழெட்டு தடவை பார்த்திருப்பேன். கடலும் மழையும் அசல் போலவே இருக்கின்றன. ஆனால் யாரும் ஒரு கதவைக்கூட உதைக்கவில்லையே? பக்கத்தில் உட்கார்ந்து இருவர் ஆட முடியுமா? அதற்கும் பதில் இல்லை. மூன்றாம் பாகத்திலேயே சூடு கண்ட பூனை நான். மனசு கேட்டால்தானே.

அண்ணனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல்.

ஏப்ரல் 9

வெளியீட்டுத் தேதியைத் தள்ளிவிட்டார்கள். அதற்கும் கட்டைவிரல் — இதற்குப் போய் எப்படி அண்ணா?

மே 17

அம்மா போனில்: "உன்கிட்டயாவது பேசறானா?"

"விளையாட்டு வரட்டும்மா. பேசுவான்."

சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன்? அவனுக்கும் ஒன்று, அவன் வீட்டுக்கே போகும்படி ஆர்டர் செய்திருக்கிறேன். பிரித்தே பார்க்காமல் போட்டு வைத்தால்? எனக்கு அவன் வேணும். பழையபடி வேணும். அவ்வளவுதான்.

ஜூன் 12

வந்தது. லீவு போட்டு உட்கார்ந்தேன்.

குப்பை. பளபளவென்று ஒரு குப்பை. கிட்டே போனாலே கதவு தானாகத் திறந்துகொள்கிறது, பெரிய துணிக்கடை மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து ஆடவும் வழியில்லை. கன்ட்ரோலரை சோபாவில் எறிந்துவிட்டு அழுதேன். ஒரு விளையாட்டுக்கா அழறே? இல்லை. இதையும் விட்டால் அவனிடம் பேச எனக்கு வேறு என்ன இருக்கு?

ஜூன் 14

அண்ணன் கூப்பிட்டான். அவனாகவே! ஹலோகூட இல்லை.

"என்னடி இது? கதவு தானா திறக்குது!"

"ஆமாண்ணா."

"அப்போ நான் எதுக்கு?"

அவன் நிறுத்தவே இல்லை. துப்பாக்கி தகர டப்பா மாதிரி சத்தம் போடுகிறதாம். வில்லன் இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவன் போல் பேசுகிறானாம். அதே மூச்சில், "வீடு ரொம்பப் பெரிசா இருக்குடி" என்றான்.

"ம்" என்றேன். பிறகு மறுபடி வில்லனைப் பிடித்துக்கொண்டான். நானும் சேர்ந்து திட்டினேன்.

ஜூன் 23

தினமும் கூப்பிடுகிறான். கடைசிவரை ஆடி முடிப்பானாம். முழுசாகப் பார்த்தால்தானே முழுசாகத் திட்ட முடியும் என்கிறான். இன்று அம்மாவிடமும் பேசியிருக்கிறான். அம்மாவுக்கு வில்லன் பெயர்கூடத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 30

குறைகளையெல்லாம் சீக்கிரம் சரிசெய்து தருவதாகக் கம்பெனி அறிவித்திருக்கிறது.

ஒன்றும் அவசரமில்லை. மெதுவாகச் செய்யட்டும்.