சிங்களப் பக்கத்திலிருந்த கூடுதல் பந்தி

நகல் இயந்திரத்தின் சூட்டு வாசனை இன்னும் போகாத ஒரு கட்டுத் தாள் இன்று காலை என் மேசைக்கு வந்தது, சேர். பாடசாலையில் கைப்பேசியும் டெப் என்கிற கைக்கணினியும் எப்படிப் பயன்பட வேண்டும் என்று மறுபடியும் கொள்கை எழுத வேண்டுமாம். இணையத்தில் கிடைத்ததையெல்லாம் அச்செடுத்து, "பாத்து நல்லதா ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்று பாடசாலை அதிபர் அனுப்பியிருக்கிறார். போன முறை இதே வேலையை நாம் இருவரும் செய்தோம். நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. உங்கள் நாற்காலியில் இப்போது கட்டுரைக் கொப்பிகள் கிடக்கின்றன.

அன்றைக்கு எல்லோருக்கும் பிடித்துப்போனது ஒரு தொண்டு அமைப்பின் தளம். தமிழில் எதைத் தேடினாலும் இந்தியப் பாடசாலைகளுக்கு எழுதியதுதான் வந்து நிற்கும். இதுவோ இலங்கைக்கென்றே எழுதியது, தமிழும் சுத்தம். பிள்ளைகள் வீட்டில் செய்யும் ஒப்படைகளைக் கைப்பேசி வழியாக வாங்கலாம், அதற்குத் தவணைப் புள்ளியும் கொடுக்கலாம் என்றது. அதிபர் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார்.

நீங்கள்தான், "இதே தளத்தைச் சிங்களத்திலயும் ஒருக்கா திறந்து பாப்போமா?" என்றீர்கள்.

எனக்கு எரிச்சல். "தமிழ்ல இருக்கிறது போதாதா சேர்? நாவுல ஊருக்குப் போற உங்க கடைசி பஸ் போயிரும்" என்றேன். சிங்களம் வாசிப்பது மாத்தளை ஆட்களுக்குப் பெரிய வேலையில்லை. தமிழில் கிடைத்துவிட்டால் அப்புறம் எதற்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

சிங்களப் பக்கத்தில் ஒரு பந்தி கூடுதலாக இருந்தது. கைப்பேசியோ சிக்னலோ இல்லாத பிள்ளைக்கு வேறு வழி செய்து கொடுக்கும்வரை புள்ளி போடக் கூடாது என்று பிறகு திருத்தியிருந்தார்கள். தமிழ்ப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவிலிருந்து வருகிற பிள்ளைகள் நம் வகுப்பில் பாதிப் பேர். அங்கே சிக்னல் பிடிக்கக் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

"நாம தமிழ்ப் பாடசாலை தானே சேர், தமிழ்ல உள்ளதை எடுத்தாப் போதும்" என்றார் அதிபர். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "பரீட்சைத் தாள் ரெண்டு மொழியிலயும் ஒண்ணு தானே சேர். விதி மட்டும் ஏன் வேற?" புள்ளிப் பேச்சு அன்றோடு நின்றது. உங்கள் பஸ்ஸும் போய்விட்டது. அதற்கு நான்தான் காரணம் போல என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

இன்று தாள்களை ஒதுக்கிவிட்டுக் கணினியைத் திறந்தேன். யார் எழுதியது, எப்போது திருத்தியது, எழுதியவர் டெப் விற்கிறவரா என்று வரிசையாகப் பார்த்தேன். அதிபர் மேலே வைத்திருந்ததும் அதே தளம்தான். பிள்ளைகள் சொந்தக் கைப்பேசியில் செய்யும் வினாடி வினாவுக்குப் புள்ளி போடலாம் என்றது தமிழ்ப் பக்கம். பாடசாலை கொடுக்கும் டெப்பில் செய்தால் மட்டும் என்றது சிங்களப் பக்கம். நம்மிடம் டெப் பத்துக்கூட இல்லை. இரண்டையும் கொண்டுபோய் அதிபர் முன்னால் வைத்தேன். புள்ளி வேண்டாம் என்றேன்.

நெடுநேரம் வாசித்தார். பிறகு புள்ளி போடலாம் என்ற வரியை வெட்டிவிட்டு, "நீங்களும் அந்த சேர் மாதிரியே ஆகிட்டீங்க டீச்சர்" என்றார்.

குறையாகத்தான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சேர். மேல் பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்தத் தவணையும் புள்ளி குறையாது.